கண்டியில் வீகன் சாப்பாடு: சைவக்கடை முதல் தள்ளுவண்டி வரை முழுமையான வழிகாட்டி

கண்டிக்கு வந்த புதிதில் ஒரு மத்தியானம் சோற்றுக்கடை ஒன்றில் உட்கார்ந்து, "அண்ணே, இது சைவம்தானே?" என்று கேட்டேன். "ஆமா தங்கச்சி, சுத்த சைவம். மீன் சட்டி அந்தப் பக்கம் தனியா இருக்கு," என்றார் கடைக்கார அண்ணன். சோறு, பருப்பு, பீட்ரூட் கறி, வல்லாரைச் சம்பல், அப்பளம். மூன்றாவது வாயில் பல்லுக்கடியில் ஏதோ நெருடியது. எடுத்துப் பார்த்தால் மரச்சீவல் போல ஒரு சின்னத் துணுக்கு. மாசி, அதாவது காயவைத்த மீன்!

அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை மாசி என்பது உப்பு, புளி போல ஒரு சேர்மானம். மீன், இறைச்சி என்கிற மச்சக் கணக்கில் அது வருவதே இல்லை. தேங்காய்ச் சம்பலில் மாசி இல்லாவிட்டால் அது சம்பலா என்று கேட்கிற ஊர் இது.

அன்றைக்குத் தெரிந்துகொண்டதுதான் இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை. மலையகத்தில் "சைவமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. மாசி போட்டீர்களா, முட்டை போட்டீர்களா, மாட்டுப்பால் சேர்த்தீர்களா என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்குப் பழகிவிட்டால், மச்சம், முட்டை, பால் என்று விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாத வீகன்காரர்களுக்கு இவ்வளவு வசதியான ஊர் கிடைப்பது அரிது. இங்கே சமையலின் அடித்தளமே தேங்காய்ப்பால். பலாக்காயும் பருப்பும் பத்து வகைக் கீரையும் எந்த மூலையிலும் கிடைக்கும்.

நான் ஏன் பாலையும் விட்டேன் என்று சிலர் கேட்பார்கள். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் வளர்ந்தேன். நாங்கள் இருந்த லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு மாடு இருந்தது. விடியற்காலை அப்பா பால் கறக்கும்போது கன்றை எட்டக் கட்டிவைப்பார். அது கயிற்றை இழுத்துக்கொண்டு கத்துகிற சத்தத்தில்தான் பல நாள் எனக்கு விழிப்பு வரும். அந்தப் பால் விற்ற காசில்தான் நான் படித்தேன். மறக்கவில்லை. ஆனாலும் வளர்ந்து நானே முடிவெடுக்கும் வயது வந்தபோது, இனி எனக்கு அந்தப் பால் வேண்டாம் என்று தோன்றியது. மச்சத்தை அதற்கு முன்பே விட்டிருந்தேன்.

படி 1: உங்கள் எல்லையை முதலில் முடிவு செய்யுங்கள்

வீகன் என்பதற்குத் தமிழில் நனிசைவம் என்றொரு சொல் இருக்கிறது. கடையில் அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. வீகன் என்றாலும் சுற்றுலாப் பயணிகள் வரும் கடைகளில்தான் புரியும். ஆகவே சொல்லை விட்டுவிட்டு, எதையெல்லாம் சாப்பிட மாட்டீர்கள் என்பதில் தெளிவாக இருங்கள். இறைச்சி, மீன், கருவாடு, மாசி, முட்டை, மாட்டுப்பால், தயிர், நெய், பட்டர், தேன் வரை சரி. அப்புறம் இரண்டு கேள்விகள் மிஞ்சும். முட்டை ரொட்டி போட்ட அதே கல்லில் உங்கள் தோசையை ஊற்றினால் சாப்பிடுவீர்களா? இறால் வடை பொரித்த எண்ணெயில் பருப்பு வடை பொரித்தால்?

கல் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பேன், நன்றாகத் துடைத்திருந்தால் போதும். எண்ணெய் விஷயத்தில் மாட்டேன். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். எதுவானாலும் கடைக்குள் கால் வைக்கும் முன் முடிவாகியிருக்க வேண்டும். பசியோடு நின்றுகொண்டு எடுக்கிற முடிவு மறுநாள் மனதை உறுத்தும்.

படி 2: மறைந்திருக்கும் நான்கு பொருட்களைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மாசி

இதுதான் முதல் ஆள். சூரை மீனை அவித்து, புகையூட்டி, கல் மாதிரி இறுகும்வரை காயவைத்தது. சிங்களத்தில் உம்பலகட. கையில் எடுத்தால் விறகுத் துண்டு போலவே இருக்கும், தட்டினால் சத்தமும் கட்டைச் சத்தம்தான். இடித்துச் சம்பலில் போட்டால் தேங்காய்ப்பூவோடு கலந்து கண்ணுக்குத் தெரியாது. தேங்காய்ச் சம்பலை விரலால் கொஞ்சம் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மிளகாய்த் துணுக்கு சிவப்பாக, தட்டையாக, பளபளப்பாக இருக்கும். மாசித் துணுக்கு மங்கிய தவிட்டு நிறத்தில், நார் நாராக, மரத்தூள் போல இருக்கும். கொஞ்சம் பழகினால் வாசனையிலேயே தெரிந்துவிடும். புகையடித்த வாசம் லேசாக எழும்பும்.

தேங்காய்ச் சம்பல், கட்டா சம்பல், சீனி சம்பல் மூன்றிலும் மாசி இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு, இல்லை என்று உறுதியான பிறகு சாப்பிடுங்கள். சிங்களச் சோற்றுக்கடைகளில் மெல்லுங் என்கிற தேங்காய்ப்பூ சேர்த்த கீரை, பொலொஸ் என்கிற பிஞ்சுப் பலாக்காய்க் கறி, வெள்ளைச் சொதி ஆகியவற்றிலும் சேர்ப்பார்கள். சில இடங்களில் பருப்பைத் தாளிக்கும்போதுகூட ஒரு சிட்டிகை விழும். பேக்கரியில் சீனி சம்பல் பணிஸ் வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. மேலே இனிப்பு, உள்ளே மாசி.

முட்டை

மரக்கறி ரோல்ஸ் என்று பெயர் இருக்கும். அதைச் சுற்றியிருக்கிற மாவுத் தோசையில் முட்டை, பிரட்தூள் ஒட்டுவதற்குத் தோய்க்கிற கரைசலிலும் முட்டை. மரக்கறி ஃபிரைட் ரைஸ், மரக்கறி கொத்து இரண்டிலும் "முட்டை வேண்டாம்" என்று தனியாகச் சொல்லாவிட்டால் கை தானாக உடைத்து ஊற்றிவிடும். நூடுல்ஸ் சிலவற்றில் மாவிலேயே முட்டை உண்டு. பணிஸ் மேலே அந்த மினுமினுப்பும் பெரும்பாலும் முட்டைதான். முக்கோணமாக மடித்த மரக்கறி ரொட்டி பொதுவாகப் பாதுகாப்பானது. உள்ளே உருளைக்கிழங்கும் லீக்ஸும் கரட்டும்தான். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டுப்பால்

இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நம் ஊர்ச் சமையலில் பால் என்றால் பாதிக்கு மேல் தேங்காய்ப்பால்தான். பால் கறி, பாலப்பம், பால்சோறு எல்லாம் தேங்காய்ப்பால். புதிதாக வீகன் ஆனவர்கள் "பால்" என்ற சொல்லைக் கேட்டதும் பாலப்பத்தைத் தள்ளிவைத்துவிடுகிறார்கள், பாவம்.

அதே நேரம் ஒரு எச்சரிக்கையும் உண்டு. அவசரத்துக்குத் தேங்காய் துருவாமல் பாக்கெட்டில் வரும் தேங்காய்ப்பால் மாவைக் கரைக்கிற கடைகள் கூடிவிட்டன. அந்த மாவில் சில வகைகளில் சோடியம் கேசினேட் என்ற பால் புரதம் சேர்ந்திருக்கும். வீட்டுக்கு வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். மாஜரினிலும் சிலவற்றில் பால் சேர்மானம் உண்டு.

நெய்

தமிழ்ச் சைவக்கடைகளில் மாசிக்குப் பயமில்லை, முட்டைக்குப் பயமில்லை. அங்கே கவனிக்க வேண்டியது நெய்தான். பொங்கல், நெய்த்தோசை, ரவா தோசை, கேசரி, லட்டு. தோசை கல்லில் இருக்கும்போதே மேலே ஒரு கரண்டி நெய் விடுவது வாடிக்கையாளருக்கு மரியாதை என்று நினைக்கிற மாஸ்டர்கள் உண்டு. ஓடர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பாக்கெட் உணவு வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இலங்கைத் தயாரிப்புகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் காணும் வட்டம் சீனி, உப்பு, கொழுப்பு அளவைச் சொல்வது. பச்சை என்றால் சைவம் என்று அர்த்தமில்லை. இந்தியாவிலிருந்து வரும் பாக்கெட்டில் சதுரத்துக்குள் இருக்கும் பச்சைப் புள்ளி சைவத்தைக் குறிக்கும். ஆனால் அதிலும் பால் இருக்கலாம். சோயா மீட் வாங்கினாலும் உள்ளே வரும் மசாலாப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

படி 3: கேட்கும் விதத்தைப் பழகுங்கள்

தமிழ்க் கடையில், "அண்ணே, நான் மாசி, முட்டை, நெய், பால் எதுவும் சேர்க்கிறதில்ல. இன்னைக்கு எனக்கு என்ன தரலாம்?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். "இது இருக்கா, அது இருக்கா" என்று விசாரித்தால் அவருக்கும் அலுப்பாகிவிடும். என்ன தரலாம் என்று கேட்டால் அவரே சட்டி சட்டியாகத் திறந்து பார்த்துச் சொல்வார். விரதம் என்று சொன்னாலும் உடனே புரியும். ஆனால் விரதத்தில் பாலும் தயிரும் ஆகும் என்பதால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டிவரும். நான் விரதமென்று சொல்வதில்லை, உண்மையைச் சொல்வதே எனக்கு எளிதாக இருக்கிறது.

கண்டியில் பெரும்பாலான கடைகளில் சிங்களம் தேவைப்படும். இந்த வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

"மம மஸ், மாலு, பித்தர, எளகிரி கன்னே நே." நான் இறைச்சி, மீன், முட்டை, மாட்டுப்பால் சாப்பிடுவதில்லை.

"மேக்கட உம்பலகட தாலாத?" இதில் மாசி போட்டிருக்கிறதா?

"எளகிரித, பொல்கிரித?" மாட்டுப்பாலா, தேங்காய்ப்பாலா?

"பித்தர தான்ன எப்பா." முட்டை போட வேண்டாம்.

"மே தெலென்மத இஸ்ஸோ வடே பதின்னே?" இந்த எண்ணெயில்தான் இறால் வடையும் பொரிக்கிறீர்களா?

முன்னால் "அக்கே", "ஐயே", "மல்லி" என்று வயசுக்கேற்ற உறவு முறை சேர்த்துக் கூப்பிட்டுவிட்டுக் கேளுங்கள். முகம் மலர்ந்துதான் பதில் வரும். கூட்டம் நெருக்கியடிக்கும் பகல் பன்னிரண்டரைக்குப் போய் இத்தனை கேள்வி கேட்பது அவர்களுக்கும் கஷ்டம். பதினொன்றரைக்குப் போனால் நின்று பேச நேரமிருக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. கறிச் சட்டிகளில் கரண்டி மாறாமல் இருக்கும். ஒன்றரை மணிக்குப் போனால் மீன் குழம்புக் கரண்டி பருப்புச் சட்டியில் கிடக்கும்.

படி 4: காலைச் சாப்பாடு

தொடங்குவதற்குச் சைவக்கடைதான் நல்ல இடம். கண்டியில் டி.எஸ். சேனநாயக்க வீதியில் பாலாஜி தோசை பல காலமாகத் தெரிந்த பெயர். சாதாத் தோசை, மசாலாத் தோசை, இட்லி, உளுந்து வடை, பூரி என்று எல்லாம் சாம்பாரும் தேங்காய்ச் சட்னியுமாக வரும். நெய் வேண்டாம், எண்ணெயில் ஊற்றுங்கள் என்று ஒரு வார்த்தை. சட்னியில் தயிர் சேர்த்திருக்கிறதா என்று இன்னொரு வார்த்தை. அவ்வளவுதான்.

நகரத்துக்குள் எந்தச் சாதாரணக் கடையிலும் காலையில் இடியப்பம், பிட்டு, வெள்ளை அப்பம் கிடைக்கும். அரிசி மா, தேங்காய், தேங்காய்ப்பால் அளவில் இவை மூன்றும் தொல்லையில்லாதவை. கூடவே வருகிற சொதியும் சம்பலும்தான் விசாரிக்க வேண்டியவை. பருப்புக் கறி மட்டும் வாங்கிக்கொண்டு சம்பலை விட்டுவிடுவது பாதுகாப்பான வழி.

ஆனால் எனக்கு மிகப் பிடித்த காலைச் சாப்பாட்டு இடம் பேராதனைப் பக்கம், கன்னொறுவையில் இருக்கிறது. விவசாயத் திணைக்களம் நடத்தும் ஹெல போஜுன் ஹல. பெண்கள் சிறு சிறு அடுப்பாக வரிசையாக நின்று, உங்கள் கண் முன்னாலேயே சமைப்பார்கள். உள்ளூர்த் தானியம், உள்ளூர்க் கிழங்கு, உள்ளூர் இலை. கண்டி நகரத்திலிருந்து ஆறு கிலோமீற்றர் அளவுதான், கொழும்பு வீதி பஸ்ஸில் ஏறினால் போதும்.

அங்கே ஒரு அக்கா ஹெலப செய்வதை எத்தனையோ தடவை நின்று பார்த்திருக்கிறேன். குரக்கன் மாவில் கித்துள் பாணியும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்து, கெந்த மர இலை ஒன்றை உள்ளங்கையில் விரித்து, மாவை வைத்து, இலையை மடித்து லேசாக ஒரு தட்டு. மாவு இலைக்குள் தானாகப் பரவி அதன் நரம்புக் கோடுகளை வாங்கிக்கொள்ளும். ஆவியில் வெந்து வந்ததும் இலையை உரித்தால், கறுத்த மினுமினுப்பான பலகாரத்தின் மேல் இலையின் ரேகை அப்படியே பதிந்திருக்கும். அதில் ஒரு சொட்டுப் பால் இல்லை, முட்டை இல்லை, நெய் இல்லை. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான்.

லவாரியாவும் அதே மாதிரிதான், இடியப்பத்துக்குள் தேங்காயும் பாணியும் வைத்து மடித்தது. இலைக்கஞ்சி ஒரு கோப்பை, கூட ஒரு துண்டு கருப்பட்டி. வல்லாரை, ஹாத்தாவாரிய என்று நாளுக்கொரு இலை. அங்கேயும் தோசையோடு தருகிற கட்டா சம்பலில் மாசி இருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

படி 5: பகல் சோறு

பகலில் இரண்டு வழி இருக்கிறது. சைவக்கடையில் உட்கார்ந்து சாப்பிடலாம், மோரையும் பாயசத்தையும் வேண்டாமென்றால் போதும். அல்லது ஊர்ச் சோற்றுக்கடையில் பார்சல் கட்டலாம். இரண்டாவதுதான் விலை குறைவு, வகையும் அதிகம். பருப்பு, போஞ்சி, பீட்ரூட், பூசணி, கத்தரிக்காய், ஈரப்பலாக்காய், பலாக்காய், கஜு என்று காலத்துக்கேற்ப மாறும். நுவரெலியாக் காய்கறி கண்டிச் சந்தைக்கு வந்துசேர்வதால் லீக்ஸும் கோவாவும் நோக்கோலும் எப்போதும் புதிது.

பார்சல் கட்டும்போது அருகில் நில்லுங்கள். "மாலு நெத்துவ" (மீன் இல்லாமல்) என்று நீங்கள் சொன்ன பிறகும், பிரியமாக மீன் குழம்பு ஒரு கரண்டி சோற்றின் மேல் ஊற்றிவிடுவார்கள். சோறு வறண்டுபோகக் கூடாதென்ற நல்லெண்ணம்தான். "பருப்பே ஊத்துங்க" என்று முந்திக்கொள்ளுங்கள். மஞ்சள் சோறு, நெய்ச்சோறு, பிரியாணிச் சோறு இவற்றில் நெய்யோ இறைச்சிச் சாறோ இருக்கலாம். வெள்ளைச் சோறு, சிவப்பரிசிச் சோறுதான் நமக்கு. சூப் கட்டி போட்டுச் சமைக்கிற கடைகளும் உண்டு. கறி வழக்கத்துக்கு மாறாக மிகவும் சுவையாக இருந்தால் அதையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

படி 6: தள்ளுவண்டி, முச்சக்கர வண்டி, கொத்துக் கடை

வெளிநாட்டில் ஃபுட் டிரக் என்று லொறிக்குள் அடுப்பு வைத்துச் சமைத்துத் தருகிறார்கள். நம்மிடம் அந்த வேலையைத் தள்ளுவண்டியும் முச்சக்கர வண்டியும்தான் பெரும்பாலும் செய்கின்றன. பஸ் நிலையங்களைச் சுற்றி, மத்திய சந்தை வாசலில், வாவிக் கரைப் பக்கம் மாலை நாலு மணிக்குப் பிறகு சுற்றிப் பாருங்கள்.

கடலை வண்டிதான் வீகன்காரர்களின் சொந்த வண்டி. அவித்த கொண்டைக்கடலையைக் காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ச் சொட்டு போட்டு வதக்கித் தாளில் சுருட்டித் தருவார்கள். வறுத்த கச்சான், அவித்த சோளம், உப்பு மிளகாய் தூவிய மாங்காய், அன்னாசி, அம்பரெல்லா அச்சாறு எதிலும் யோசிக்க வேண்டியதில்லை. சோளத்தில் பட்டர் தடவ வரும் கையை மட்டும் நிறுத்துங்கள். செவ்விளநீர் எங்கும் உண்டு. பட்டர் ஃப்ரூட் ஜூஸ் என்றால் அதில் பால் இருக்கும். பால் வேண்டாம், தண்ணீரும் சீனியும் போட்டு அடியுங்கள் என்றால் கொஞ்சம் வியப்பாகப் பார்ப்பார்கள், ஆனால் செய்து தருவார்கள். நன்றாகவும் இருக்கும்.

வடை வண்டியில் நின்று சட்டியைப் பாருங்கள். ஒரே சட்டி, ஒரே எண்ணெய். பருப்பு வடை தட்டிப் போட்ட கையே அடுத்த வடையின் மேல் இறாலை வைத்து அழுத்தி அதே சட்டிக்குள் விடும். ஆகவே நான் இறால் வடை விற்காத வண்டியில்தான் வாங்குவேன். உளுந்து வடை மட்டும் சுடுகிற வண்டிகள் கோயில் பக்கங்களில் இருக்கும்.

தெருத்தெருவாக மெட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிச் சாமான் விற்று வருகிற சூன் பாண் முச்சக்கர வண்டியில் வெறும் பாண், ரோஸ்ட் பாண் வாங்கலாம். பணிஸ், கேக், சம்பல் வைத்த எதையும் நான் தொடுவதில்லை.

இப்போது கொத்து. பொழுது சாய்ந்ததும் இரும்புத் தகடு இரண்டும் கல்லில் அடிபடுகிற அந்தத் தாளம் கேட்டால் எனக்குக் கால் தானாக நின்றுவிடும். கொத்தை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் ஒரே மூச்சில் நான்கு விஷயம் சொல்ல வேண்டும். முட்டை வேண்டாம். இறைச்சிக் குழம்பு ஊற்ற வேண்டாம், பருப்புக் குழம்பு ஊற்றுங்கள். சீஸ் வேண்டாம். கல்லைத் தண்ணீர் விட்டுச் சுரண்டிவிட்டுப் போடுங்கள். இதில் அதிகம் தவறுவது இரண்டாவதுதான். மரக்கறி கொத்து என்று சொல்லி, முட்டையும் வேண்டாமென்று சொல்லி, கடைசியில் கோழிக் குழம்பில் ஊறவைத்துக் கொடுத்த கொத்தை நானே சாப்பிட்டிருக்கிறேன். பாதித் தட்டில்தான் தெரிந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதிலிருந்து கடைக்கு முதல் ஆளாக, கல் சூடேறும் நேரத்திலேயே போய்விடுவேன். ரொட்டி மாவில் முட்டையோ மாஜரினோ சேர்ப்பார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பல கடைகளில் மா, உப்பு, எண்ணெய், தண்ணீர் மட்டும்தான். கொத்துக்குப் பதில் இடியப்பக் கொத்து கேட்டால் இன்னும் நிம்மதி.

படி 7: தேத்தண்ணி

மலையகத்தில் வீகனாக இருக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? பிளேன்டீ. இஞ்சி தட்டிப் போட்டு, கித்துள் கருப்பட்டி ஒரு கடி. பால் தேத்தண்ணி பெரும்பாலும் பால்மாவிலோ டின் பாலிலோதான் போடுவார்கள். "தேத்தண்ணி" என்று மட்டும் சொன்னால் பால் ஊற்றியே வரும் கடைகளும் உண்டு, ஆகவே பிளேன்டீ என்று சொல்லிக் கேளுங்கள்.

ஒரு விஷயம் மட்டும். சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணிநேர இடைவெளி விடுங்கள். சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். வைட்டமின் பி12 தாவர உணவிலிருந்து போதுமான அளவு கிடைக்காது. வீகனாக இருக்கிறவர்கள் அதை மாத்திரையாகவோ, பி12 சேர்த்த உணவாகவோ கட்டாயம் எடுக்க வேண்டும். டாக்டரிடம் கேட்டு அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

படி 8: நாள் பார்த்துப் போங்கள்

என் அப்பாயிக்கு வெள்ளிக்கிழமைக்கென்று தனிச் சட்டி இருந்தது. வியாழன் இரவே அம்மியைப் புளி போட்டுக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். வெள்ளிக்கிழமைச் சம்பலில் மாசி இருக்காது, உப்பும் தேசிக்காயும் தூக்கலாக இருக்கும். அந்தப் பழக்கம் தமிழ்க் கடைகள் பலவற்றில் இன்றும் தொடர்கிறது. புதிய கடை ஒன்றை முயன்று பார்க்க வெள்ளிக்கிழமைதான் சரியான நாள். கந்தசஷ்டி, நவராத்திரி, கார்த்திகையில் தொடங்கும் ஐயப்பன் மாலைக் காலம் இவற்றில் சைவச் சமையல் கூடும், கூட்டமும் கூடும்.

கண்டியிலிருந்து 25 கிலோமீற்றர் அளவில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில். மாசிமகத் தேர் சமயத்தில் போனால் அன்னதானம் உண்டு. சோறு, சாம்பார், கூட்டு வாங்கிக்கொண்டு மோருக்குக் கையை மூடுங்கள், யாரும் தவறாக எடுப்பதில்லை. வெசாக் சமயத்தில் இலவசமாக உணவு தருகிற தன்சல்களிலும் பெரும்பாலும் மச்சம் இருக்காது. கடலைத் தன்சல், பிளேன்டீத் தன்சல் வரிசையில் தாராளமாக நிற்கலாம்.

சித்திரைப் புத்தாண்டுப் பலகாரத்தில் கெவுங், தொதல், தலகுலி நமக்கு ஆகும். கொக்கிஸில் சிலர் முட்டை சேர்ப்பார்கள். வட்டலப்பம் தேங்காய்ப்பால்தான் என்று யாராவது தட்டை நீட்டினால், தேங்காய்ப்பாலோடு முட்டையும்தான் அதன் உயிர் என்பதை நினைவில் வையுங்கள்.

படி 9: மலை ஏறும்போது

நுவரெலியாவில் அம்பாள்ஸ் சைவக்கடை வழிப்போக்கர்களுக்குத் தெரிந்த இடம். அந்தக் குளிரில் ஒரு தட்டுச் சுடச்சுட இட்லிக்கு ஈடில்லை. ஹட்டன், பண்டாரவளை, பதுளை எங்கும் பஸ் நிலையத்தைச் சுற்றிச் சைவக்கடை ஒன்றாவது இருக்கும். எல்ல என்கிற ஊரில் சுற்றுலாப் பயணிகளுக்காக வீகன் என்று பலகையே வைத்த கடைகள் பல உண்டு. விலை கூடுதல்தான். அங்கேயும் மாசி பற்றிக் கேட்கத் தவறாதீர்கள்.

ரயிலில் வடைக்காரர் வந்தால் படி 6-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். நான் நீண்ட பயணத்துக்கு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவது தோட்டத்து ரொட்டி. விடியற்காலை பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகும் அவசரத்திலும் அம்மா சுட்டுவிடுகிற ரொட்டி அது. இரண்டு கோப்பை கோதுமை மா, அரைக் கோப்பை தேங்காய்ப்பூ, உப்பு, நறுக்கிய பச்சைமிளகாய், தண்ணீர். கொஞ்சம் தடிப்பாகத் தட்டி, கல்லில் எண்ணெய் விடாமல் இரண்டு பக்கமும் கறுத்த புள்ளி விழும்வரை சுட வேண்டும். துணியில் சுற்றினால் ராத்திரி வரை மெத்தென்றே இருக்கும்.

படி 10: ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள்

கடையின் பெயர், என்ன சாப்பிட்டீர்கள், யாரிடம் கேட்டீர்கள், எந்த நாள், என்ன நேரம் என்று எழுதுங்கள். சமையற்காரர் மாறினால் கைப்பக்குவமும் மாறும், ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திரும்பக் கேளுங்கள். கிடைத்ததை நன்றாக இருந்தது என்று அவரிடமே சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது அதே கடைக்குப் போங்கள். முகம் தெரிந்த வாடிக்கையாளருக்குச் செய்கிற சிறு உதவியை முகம் தெரியாதவருக்கு யாரும் செய்ய மாட்டார்கள்.

முதலில் சொன்ன அந்தச் சோற்றுக்கடைக்கு நான் இன்றும் போகிறேன். அன்று துணுக்கை எடுத்துக் காட்டியபோது அண்ணன் முகம் சுருங்கிப் போனது, "இதையும் நீங்க சேர்க்க மாட்டீங்களா தங்கச்சி" என்று இரண்டு தடவை கேட்டார். இப்போது சம்பலை இடிக்கும்போது மாசி போடுவதற்கு முன்பே ஒரு பிடி எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் வைத்து மூடிவிடுகிறார். அவர் சம்பல் இடிப்பது பதினொரு மணிக்கு. கிண்ணம் சின்னது, இப்போது அதைக் கேட்டு வருகிறவர்கள் நான்கு பேர் ஆகிவிட்டோம். பதினொன்றரைக்குள் போய்விட வேண்டும்.